துரை பங்களா மணி

பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு, நடக்கப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். என் மகள் வரவில்லை.

நேரத்தை நான் தேடிப் பார்க்கவில்லை. அந்த பங்களாவின் முன்கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கடிகாரம் நிற்கிறது. அதற்கு நேர் எதிரில்தான் என்னை உட்கார வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரத் துரை கப்பலில் கொண்டுவந்த கடிகாரமாம். இன்றைக்கும் சரியாக ஓடுகிறது என்று காலையிலிருந்து யார் யாரோ என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஓடுவதற்குத்தானே கடிகாரம். முட்டிவலியால் நான் நடைக்குப் போகவில்லை. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணாடித் தம்ளரில் அவர்கள் கொடுத்த நன்னாரித் தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தேன். அதில் புதினா இலையும் ஒரு காகிதக் குடையும் மிதந்தன.

முதலில் வந்தது என் கணவர். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்ல காத்து, நீயும் வந்திருக்கலாம்” என்றார். பின்னால் அவர் தம்பி, என் கொழுந்தன். அதற்கும் பின்னால் முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்கள். கடைசியில் காக்கித் தொப்பி வைத்த பங்களா மேலாளர்.

“அவ எங்கே?” என்றேன்.

“முன்னாலயே வந்திருப்பாளே. வரல்லியா?” என்றார் கணவர்.

“அண்ணன்கூட முன்னால போறான்னுல்லா நான் நெனச்சேன்” என்றான் கொழுந்தன்.

மேலாளர் தொப்பியைக் கழற்றிச் சிரித்தார். “எங்கயாவது உட்கார்ந்து நேச்சர என்ஜாய் பண்ணிட்டிருப்பாங்க மேம். நம்ம டிரெயில்ல யாரும் தொலைய முடியாது.”

அப்படிச் சிரிக்கிற முகத்தைக் காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் அறையவேண்டும் போல் கை சூடாகிறது.

என் பயம் புரியவேண்டுமானால் மூன்று வாரம் பின்னால் போகவேண்டும். என் மகளுக்குப் பத்தொன்பது வயது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம், விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு விடியற்காலை நாகர்கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து, எந்தத் தகவலும் சொல்லாமல் பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். என்ன மக்கா என்றேன். “சும்மா” என்றாள். அதற்குப் பிறகு மூன்று வாரமாக எதைக் கேட்டாலும் அதே பதில்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள். தட்டைக் கழுவி வைத்தாள். தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். கல்லூரிக்கு போன் செய்தால், அட்டெண்டன்ஸ் குறைகிறது என்று மட்டும் சொன்னார்கள். யார் என்ன செய்தார்கள், யார் என்ன சொன்னார்கள், ஒன்றும் தெரியாது. நான் தக்கலையில் கருவூல அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அந்த மூன்று வாரமும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது தினமும் ஒருமுறையாவது வீட்டுக்கு போன் செய்து அவள் எடுக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் அலுவலகத்துக்குள் நுழைவேன். என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விட்டுப் பிடி, விட்டுப் பிடி என்பார். பிடிப்பது எப்போது என்று அவர் சொன்னதில்லை.

மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த கொழுந்தனுக்கு இதெல்லாம் தெரிந்ததும் ஒரே நிமிடத்தில் மருந்து கண்டுபிடித்துவிட்டான். “பிள்ளைக்கு ஒரு சேஞ்ச் வேணும் மதினி. வளந்த பொண்ணுக்கு ஸ்பேஸ் குடுக்கணும்.” அவன் அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் இரண்டு கைகளையும் அகலமாக விரிப்பான். அதோடு போன் செய்து, குலசேகரத்துக்கு மேலே மலையோரத்தில் இருக்கும் அந்தப் பழைய ரப்பர் எஸ்டேட்டில் ஒருநாள் தங்குவதற்குப் பதிவும் செய்துவிட்டான்.

நூறு வருடத்துக்கு முன்னால் எவனோ ஒரு வெள்ளைக்காரன் கட்டிய பங்களா. இன்றைக்கும் சுற்றிலும் ரப்பர்தான். கூலிக்குப் பால் வெட்டும் பெண்களும் லயத்து லைன் வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால் பங்களாவை மட்டும் வெளியூர்க்காரர்கள் எடுத்து, சுண்ணாம்பு அடித்து, ஹெரிடேஜ் என்று பலகை வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு அறைக்கும் வெளியே சின்னதாக ஒரு பலகை: இங்கே துரை தேநீர் அருந்துவார், இங்கே துரை கடிதம் எழுதுவார், இங்கே துரை குளிப்பார். குளிக்கிற இடத்தில் ஒரு வெள்ளைத் தொட்டி. அதன் முன்னால் நின்று ஜனங்கள் கேமராவில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எவனோ குளித்த தொட்டி. அதற்குத் தண்ணீர் சுமந்தது யார் என்று எந்தப் பலகையிலும் இல்லை. சாப்பாட்டு அறைச் சுவரில் துரையின் படம். மீசையும் துப்பாக்கியுமாக, பிடிக்காத கறியைத் தின்றவன் மாதிரி முகம். மேலாளர் அந்தப் படத்துக்கு முன்னால் நிற்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். சன்னதியில் நிற்பதுபோல.

மேலாளருக்கு முப்பது வயது இருக்கும். எந்த ஊர்க்காரர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆர்வமில்லை. டிவியில் பேசுகிற தமிழ். வாசலிலேயே ஒரு பிரம்புக்கூடையை நீட்டினார். எல்லோருடைய போனையும் அதில் போடவேண்டுமாம்.

“இங்க இருக்கிற வரைக்கும் மேம், நீங்க உங்ககூட இருங்க. போன் எங்ககூட இருக்கட்டும்.”

“எனக்க போன் எதுக்கு உங்களுக்கு?” என்றேன்.

“டிஜிட்டல் டீடாக்ஸ் மதினி” என்றான் கொழுந்தன், என்னமோ எங்கள் குலதெய்வத்து நேர்ச்சைக்கடன் போல. என் மகள் மறுபேச்சில்லாமல் தன் போனை எடுத்துக் கூடையில் போட்டாள். எதையோ கழற்றிப் போடுகிறவள் மாதிரி போட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. என் போனையும் போடவேண்டியதாயிற்று. கொழுந்தன் மட்டும், மஸ்கட்டிலிருந்து முக்கியமான கால் வரும் என்று சொல்லி ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பின்பக்க வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்கள். கீழே மரங்களுக்கு நடுவே பெரிதாகத் தண்ணீர் தெரிந்தது. “இதுதான் நம்ம லேக் வியூ” என்றார் மேலாளர்.

நாஞ்சில் நாட்டில் வயல் வைத்திருக்கிற எந்தக் குடும்பமும் அதை ஏரி என்று சொல்லாது. அது அணை. அது திறந்தால் கன்னிப்பூ நெல், திறக்கத் தாமதித்தால் கரிந்த நாற்று. என் அப்பா வீட்டில் மே மாதம் முழுக்க அணையில் எத்தனை அடி என்பதைத்தான் பேசுவார்கள். அந்தத் தண்ணீரைப் பார்த்து மூச்சை உள்ளே இழுத்து, ஆஹா என்று யாரும் சொன்னதில்லை. இங்கே சொல்கிறார்கள். வராந்தாவில் வரிசையாக நாற்காலி போட்டு, ஆஹா சொல்வதற்கென்றே உட்காரவைக்கிறார்கள்.

அப்போதுதான் என் மகள் அன்றைக்கு முதன்முதலாக வாயைத் திறந்தாள்.

“தண்ணி எவ்வளவு ஆழம் இருக்கும்?” என்று மேலாளரிடம் கேட்டாள்.

மேலாளருக்கு ஒரே மகிழ்ச்சி. கேள்வி கேட்கிற விருந்தாளி கிடைத்துவிட்டாள். கரையிலேயே ரெண்டாள் ஆழம், நடுவில் யாருக்கும் தெரியாது, துரைகூட அளந்து பார்த்துத் தோற்றுப்போனார் என்று கதை அளந்தார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. மூன்று வாரத்தில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. கொழுந்தன் என் பக்கம் சாய்ந்து, “பாத்தியளா, வந்ததுமே வாயத் தொறந்துட்டா” என்றான்.

நடைக்குக் கிளம்புமுன் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி இன்னொரு கதை சொன்னார் மேலாளர். அங்கே ஒரு கல்தூண், அதில் பெரிய வெண்கல மணி. காலையில் ஆள் கணக்கு எடுக்கவும், பால் அளக்கவும் துரை காலத்தில் அடித்த மணி. அந்த இரண்டு நேரம் தவிர வேறு எப்போது அது அடித்தாலும் ஆபத்து என்று அர்த்தம். யானை இறங்கிவிட்டது, தீப்பிடித்துவிட்டது, யாரையோ காணவில்லை. உடனே கத்தியை அப்படியே மரத்தில் விட்டுவிட்டு நானூறு கூலிக்காரர்களும் பங்களாவுக்கு ஓடிவருவார்களாம். “அந்த டிசிப்ளின்!” என்று மேலாளர் கண்ணை மூடித் திறந்தார். இப்போது அந்த மணிக்கயிற்றில் செவ்வந்திப்பூ சுற்றியிருந்தார்கள். பக்கத்தில் பலகை: மணியடியுங்கள், மனசு லேசாகும். கூட்டத்திலிருந்த ஒரு புதுமாப்பிள்ளை மனைவியை அணைத்துக்கொண்டு மூன்று தட்டு தட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். யாருக்கு மனசு லேசானது என்று தெரியவில்லை. அப்புறம் அவர்கள் நடக்கப் போனார்கள். என் மகள் கடைசியில் போனாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றுகொண்டிருந்தேன். பார்க்கவில்லை.

இதெல்லாம் காலையில். இப்போது பன்னிரண்டு நாற்பது தாண்டிவிட்டது. அவளைக் காணவில்லை. மேகம் மூடிக்கொண்டு வந்தது.

“நீங்க சாப்பிடுங்க மேம், பஃபே ரெடி. அதுக்குள்ள வந்துருவாங்க” என்றார் மேலாளர்.

“சாப்பாட்ட நீயே தின்னு” என்றேன். அதுவரை நான் வெளியாள் யாரையும் அலுவலகத்தில்கூட ஒருமையில் பேசியதில்லை.

என் கணவர் திரும்பவும் பாதையில் போய்ப் பார்க்கிறேன் என்றார். மேலாளரையும் தள்ளிக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில், வராந்தாவில் அவள் ஆழம் கேட்டது அவர் காதிலும் விழுந்திருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் அது நடந்துவிடும் போலிருந்தது. கொழுந்தனிடம் அதை எப்படிச் சொல்வது? அவன் சட்டைப்பையிலிருந்து அந்த இரண்டாவது போனை எடுத்து, சிக்னலுக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றினான்.

“போலீசுக்குப் போடு” என்றேன்.

“மதினி, சும்மா கெடங்க. அரைமணிக்கூறுதான் ஆவுது. போலீசு வந்தா ஊரு முழுக்கத் தெரியும். நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னா கேக்கமாட்டானா?”

அந்த நேரத்தில், அந்த இடத்தில், அவன் மனசுக்கு என் மகளின் கல்யாணம் வந்திருக்கிறது. அவன் எனக்கு வாங்கித்தந்த சேலைகளையெல்லாம் அப்போதே கொளுத்தியிருப்பேன்.

நான் தண்ணீருக்குப் போனேன். முட்டிவலி என்று ஒன்று இருந்ததே எனக்கு அப்போது ஞாபகமில்லை. படிகள் வெட்டி, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, கீழே படகுத்துறை. அன்னப்பறவை வடிவத்தில் இரண்டு படகு. கழுத்து நீண்டு, இளஞ்சிவப்பு மூக்கோடு. ஊருக்குச் சோறு போடுகிற தண்ணீரில் அன்னப்பறவை. அவற்றுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டைகள் கொக்கியில் தொங்கின. மனித உடல்கள் மாதிரி தொங்கின. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மலையில் கத்தினால் எதிரொலி வரும் என்பார்கள். தண்ணீருக்கு நேரே கத்தினால் ஒன்றும் வருவதில்லை. சத்தம் போகிறது, அவ்வளவுதான். கரையோரத்துச் சேற்றில் காலடி இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். மாட்டுக் குளம்படிகள் இருந்தன. செருப்புத் தடம் இருந்தது, ஆனால் அது அவளுடையதா, காலையில் படகு பார்க்க வந்த எவளுடையதா? என் மகளின் செருப்பின் அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. இவ்வளவு தண்ணீருக்கு ஒரு நியாயமும் இல்லை என்று நினைத்தேன்.

மேலே ஏறி வந்தபோது கணவரும் மேலாளரும் திரும்பியிருந்தார்கள். பாதையில் இல்லை. மேலாளர் இப்போது சிரிக்கவில்லை, ஆனால் அவர் கவலை வேறாக இருந்தது. சாப்பாட்டு அறைப் பக்கம் அடிக்கடி பார்த்தார்.

“மேம், கொஞ்சம் மெதுவா பேசலாமா? மத்த கெஸ்ட் டிஸ்டர்ப் ஆகுறாங்க.”

“ஆள்களக் கூப்பிடு. லயத்தில உள்ள ஆள்களக் கூப்பிட்டுத் தேடச் சொல்லு.”

“அவங்க எஸ்டேட் ஸ்டாஃப் மேம். நாங்க ஹாஸ்பிடாலிட்டி. அவங்களுக்கு நான் ஆர்டர் போட முடியாது. ஆபீசுக்கு மெயில் பண்ணி...”

நான் அவரைத் தாண்டி முற்றத்துக்குப் போனேன். செவ்வந்திப்பூவோடு சேர்த்து அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

அவர் சொன்ன கதைதானே. நேரம்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் நானூறு பேர் ஓடிவருவார்கள். நானூறு வேண்டாம், நாற்பது பேர் வரட்டும். மலை முழுக்கக் கைகோத்துத் தேடட்டும். நான் அடித்தேன். காதுக்குள் இடித்தது. பூ உதிர்ந்து தலையில் விழுந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே யாராவது தெரிகிறார்களா என்று பார்த்துக்கொண்டே அடித்தேன். ஒருவரும் வரவில்லை. வந்தது சாப்பாட்டு அறையிலிருந்து அந்தப் புதுமாப்பிள்ளையும் மனைவியும். கையில் ஐஸ்கிரீம் கிண்ணம். சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் அந்தப் பெண் கேட்டாள்:

“ஆன்ட்டி, நீங்க முடிச்சிட்டீங்கன்னா நாங்க இன்னொருக்கா...”

அவள் முடிப்பதற்குள் நான் என்ன சொன்னேன் என்று எழுதமுடியாது. தக்கலை சந்தையில் மீன் வாங்கப் போகும்போது என் காதில் விழுந்து, என் வாயிலிருந்து ஒருநாளும் வராத வார்த்தை. ஐஸ்கிரீமோடு இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள். ஜன்னலிலிருந்து யாரோ எங்கிருந்தோ எடுத்த ஒரு போனால் என்னைப் படம் பிடித்தார்கள். அப்படியானால் கூடையில் போடாதவன் கொழுந்தன் மட்டும் இல்லை.

மேலாளர் ஓடிவந்தார். “மேம், ப்ளீஸ், மூணு தடவதான் அலவ்டு. ரொம்பப் பழைய பீஸ்.”

“எங்கே நானூறு பேர்?” என்றேன். “ஓடிவருவாங்கன்னு சொன்னியே, எங்கே?”

“அது அந்தக் காலம் மேம்.” அவர் உண்மையாகவே பரிதாபமாகச் சொன்னார். “இப்ப கெஸ்ட் டெய்லி அடிக்கிறாங்கல்ல. லைன்ல இருக்கிறவங்க யாரும் கண்டுக்கமாட்டாங்க.”

ஒரு காலத்தில் ஒரு மலையையே ஓடவைத்த மணி. துரை ரொம்ப நல்லவன் ஒன்றும் இல்லை. அவன் தொட்டிக்கும் படத்துக்கும் இன்றைக்கு ஆரத்தி எடுக்கிறார்கள், எடுக்கட்டும். ஆனால் அந்த மணி அடித்தால் ஒரு உயிருக்காக நாலு பேர் வருவார்கள் என்று இருந்தது. அங்கே பிரயோஜனமான பொருள் அது ஒன்றுதான். அதைப் பிடித்து, பூச் சுற்றி, மனசு லேசாக்கும் சாமானாக்கிவிட்டார்கள். கடிகாரத்தை மட்டும் சரியாக ஓடவைத்திருக்கிறார்கள்.

மேலாளர் கயிற்றைப் பிடிக்க வந்தார். என் கணவர் குறுக்கே வந்து நின்றார். வாழ்க்கையில் யாரையும் அதட்டாத மனிதர். வகுப்பில்கூட அதட்டமாட்டார். “தொடாத” என்றார். “அவ அடிக்கட்டும்.”

நான் அடித்தேன். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தபிறகும் அடித்தேன். நிறுத்தினால் அடுத்தது என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நிறுத்தினால் போலீஸ், படகு, தண்ணீருக்குள் இறங்குகிற ஆட்கள், அப்புறம் கரையில் கூடுகிற கூட்டம். கயிறு உள்ளங்கையில் தோலை உரித்தது. தூறல் விழத் தொடங்கியது. கொழுந்தன் ஒரு குடையைக் கொண்டுவந்து என் தலைக்கு மேலே பிடித்தான். அது ஒன்றுதான் அன்றைக்கு அவன் செய்த காரியம். அதையும் கோணலாகப் பிடித்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முற்றத்துக்குக் கீழே, கார்கள் நிற்கும் பக்கம் இல்லை, ரப்பர் மரங்களுக்குள்ளாகப் பால் அளக்கும் கொட்டகைக்குப் போகிற ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது. விருந்தாளிகளுக்கு அந்தப் பாதையைக் காட்டமாட்டார்கள். கயிறு கட்டி மறித்திருந்தார்கள். அந்தக் கயிற்றைத் தூக்கிக் குனிந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். பால் வெட்டுகிற பெண். நாற்பது வயது இருக்கும். ரப்பர்ப்பால் உறைந்து கருத்த முழுக்கைச் சட்டை, தலையில் மழைக்காக ஒரு பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணியாகக் கவிழ்த்திருந்தாள். கையில் இன்னும் சோற்றுப் பருக்கை. நல்ல கோபத்தில் வந்தாள்.

“ஆரு அது, காது பொட்டுக மாதிரி அடிக்கியது? மனுசனச் சோறு தின்ன விடமாட்டியளா?”

அவளுக்குப் பின்னால், அதே மாதிரி இன்னொரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, என் மகள் குனிந்து வந்தாள்.

நான் கயிற்றை விடவில்லை. மணி தானாக ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

“எங்கட்டி போன?” என்று என் கணவர் கேட்டார். அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதில்லை.

அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். “எங்கயும் போவல்ல. எங்கக்க கொட்டகையிலதான் இருந்தா. பால் அளக்க நாங்க போவ, பின்னாலயே வந்து மூலையில குத்த வெச்சி இருந்தா. ஆரு மக்கா நீன்னு கேட்டா பேச்சில்ல. பசிக்குதான்னு கேட்டதுக்குத் தலையாட்டிச்சு. மரச்சீனிக் கெழங்கும் சாளமீன் கறியும் குடுத்தோம். நல்லா தின்னிச்சு.” என்னை மேலும் கீழும் பார்த்தாள். “வாறவிய எல்லாம் மூணு தட்டு தட்டிட்டுப் போவினும். நாங்க திரும்பிக்கூடப் பாக்கமாட்டோம். இது நிக்கவே இல்ல. எவளுக்கோ கிறுக்கு புடிச்சிட்டுன்னு சிரிச்சிட்டு இருந்தோம். இவ சட்டுன்னு கைய ஒதறிட்டு எந்திரிச்சி, அது எனக்க அம்மையின்னு சொல்லுதா. ஏ மக்கா, இம்புட்டு நேரம் ஊமையின்னுல்லா நெனச்சோம் ஒன்ன!”

மேலாளர் நடுவே புகுந்து, “பார்த்தீங்களா மேம், நான் சொன்னேன்ல...” என்று தொடங்கினார். அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பி, “நீ ஒருத்தன், தொப்பிய மாட்டிட்டு” என்று மட்டும் சொன்னாள். அவர் நிறுத்திக்கொண்டார். அவள் போய்விட்டாள். வந்த வழியே, கயிற்றைத் தூக்கி, குனிந்து. நான் நன்றி சொன்னேனா என்பது நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

என் மகள் முற்றத்து நடுவில் சாக்கைத் தலையில் போட்டபடியே நின்றாள். மழை சாக்கின் நுனியிலிருந்து சொட்டியது. அவள் சட்டையில் மீன் வாசமும் ரப்பர்ப்பாலின் புளித்த வாசமும் அடித்தன. நான் அவள் முகத்தைத் தொட்டேன். முழங்கையைத் தொட்டேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. “ஏன் மக்கா” என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பி, உரிந்த தோலைப் பார்த்தாள். கொழுந்தன் குடையோடு எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தான், எந்தத் தலைக்குப் பிடிப்பது என்று தெரியாமல்.

“அம்மா,” என்றாள், “நான் திரும்ப அந்த ஹாஸ்டலுக்குப் போகமாட்டேன். காலேஜுக்கும் போகமாட்டேன். என்ன நடந்துச்சுன்னு ஒனக்குச் சொல்லுவேன். சித்தப்பா முன்னாடி வேண்டாம். வீட்டுக்குப் போலாம், வண்டிய எடுக்கச் சொல்லு.”